19-ஆம் நாள் இறந்தவர் எந்த நாட்டுக் கணக்கில் வருவார்?

நார்வேயில் லட்சம் பேருக்கு 2 பேர், பிரிட்டனில் இரண்டரை, அமெரிக்காவில் 12, தமிழ்நாட்டில் 23. சாலை விபத்தில் ஆண்டுக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்று அவ்வப்போது கைக்குக் கை வரும். பார்த்தவுடன் நம்மாட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "நம்ம ஊர்ல எவன் ரூல்ஸ மதிக்கான்" என்பது ஒரு கட்சி. "அவனவன் ஊர்ல ஆளே கிடையாது, எப்படிச் சாவான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேருமே அந்த எண் எப்படி உண்டாகிறது என்று கேட்பதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்குக் கட்டு சேர்ப்பது என் வேலை. எஃப்.ஐ.ஆர்., விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்க வேண்டும். ஒரு சாவு எண்ணாக மாறுவதும், மாறாமல் நழுவிப் போவதும் இந்தக் கட்டுக்குள் கண்ணால் பார்க்கக் கிடைக்கும். அப்படி ஒரு கட்டை இங்கே பிரித்துப் போடுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

ஆண்டு 2018. நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையே நான்கு வழிச்சாலை. அறுபதைத் தாண்டிய விவசாயி ஒருவர், டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் வாழை இலைக் கட்டோடு விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்பினார். அவருடைய ஊர் சாலைக்குக் கிழக்கே, போக வேண்டிய பக்கம் மேற்கே. முறைப்படி போனால் பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஊர்க்காரர் யாரும் அப்படிப் போவதில்லை. நடுத்திட்டில் அரளிச் செடி பட்டுப்போன இடம் ஒன்று உண்டு. கல்லைப் பெயர்த்து, மண்ணைக் கொட்டிச் சரிவாக்கி, டூ வீலர் ஏறி இறங்குகிற அளவுக்கு வழி பண்ணி வைத்திருந்தார்கள். அந்த வழியாக மறுபக்கம் இறங்கும்போது நாகர்கோவில் பக்கமிருந்து வந்த கார் அடித்தது. ஹெல்மெட் இல்லை.

108 சீக்கிரமே வந்துவிட்டது. பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலுதவி, பிறகு பெரிய ஆஸ்பத்திரி. தலைக்குள் ரத்தக்கசிவு, இடுப்பெலும்பு முறிவு. 11-ஆம் நாள் சொந்தக்காரர் பேச்சைக் கேட்டுத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 16-ஆம் நாள் கைப்பணம் தீர்ந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 19-ஆம் நாள் வீட்டுக் கட்டிலிலேயே உயிர் போனது. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். போஸ்ட்மார்ட்டம் கிடையாது. யாருக்கும் அது தோன்றவும் இல்லை. தோன்றியிருந்தாலும், பத்தொன்பது நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு அறுக்கவா கொடுப்பார்கள்? இறப்பைப் பதியும்போது வீட்டார் சொன்ன காரணம் உடல்நலக் குறைவு.

விபத்து நடந்த அன்றே எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருந்தது. அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 337. அதாவது அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிக் காயம் ஏற்படுத்தியது. எலும்பு முறிவுக்குச் சான்று வந்ததும் 338, கொடுங்காயம் என்று மாற்றினார்கள். காயம்பட்டவர் செத்துவிட்டால் அதையும் மாற்றி 304-ஏ, அதாவது அஜாக்கிரதையால் சாவு ஏற்படுத்தியது என்று ஆக்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் செத்தால் அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், மாற்றம் தானாக நடக்கும். வீட்டில் செத்தால் வீட்டார்தான் போய்ச் சொல்ல வேண்டும். இவர்கள் சொல்லவில்லை. கேஸ் 338-லேயே நின்றது.

சில மாதம் கழித்து மூத்த மகன் ஆபீஸுக்கு வந்தான். "அண்ணாச்சி, அப்பா ஆக்ஸிடெண்ட்லதான செத்தாவ, அதுக்கு என்ன பேப்பர் வேணும்?" என்றான். எந்தப் பேப்பரும் இல்லை என்பதை அவனுக்குப் புரியவைக்க ஒரு மதியம் ஆனது. கடைசியில் சிகிச்சை பார்த்த டாக்டரின் சாட்சியத்தை வைத்து, காயத்துக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவி, லோக் அதாலத்தில் சமரசம் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனி சாவுக்கான பணத்தைத்தான் கொடுத்தது. ஆனால் சமரசம் சிவில் பக்கத்து விஷயம். ஸ்டேஷன் கணக்கில் அவர் இன்றுவரை கொடுங்காயம்பட்டவர்தான்.

இதே சாவு வேறு நாட்டில் நடந்திருந்தால்

விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு. உலக அளவில் பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை இது. நம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் 30 நாள் என்றுதான் வைத்திருக்கிறது. ஆக, ஏட்டளவில் நம் விவசாயி கணக்கில் வர வேண்டியவர்.

எல்லா நாடும் எல்லாக் காலத்திலும் இப்படி எண்ணியதில்லை. பிரான்சில் 2004 முடியும் வரை 6 நாள்தான் கணக்கு. சீனாவின் போலீஸ் கணக்கு 7 நாள். ஜப்பானில் செய்தித்தாளில் பெரிதாக வரும் எண், 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் மட்டும். 2023-இல் அது 2,678. அதே ஆண்டுக்கு அவர்களே 30 நாள் கணக்கும் தருகிறார்கள்: 3,263. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறவர் எந்த எண்ணை எடுத்தார் என்று பட்டியலில் எழுதியிருக்காது. 19-ஆம் நாள் செத்தவர் பழைய பிரான்சிலும் இல்லை, சீனப் போலீஸிலும் இல்லை, ஜப்பான் தலைப்புச் செய்தியிலும் இல்லை.

நாள் கணக்கை விடப் பெரிய விஷயம், வீட்டில் செத்தவரை யார் பிடிப்பது என்பது. நெதர்லாந்தில் போலீஸ் கணக்கை மட்டும் நம்புவதில்லை. அவர்களுடைய புள்ளியியல் அலுவலகம், மருத்துவர் எழுதும் சாவுக் காரணப் படிவம், அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகும் இயற்கைக்கு மாறான சாவுகளின் கோப்பு, போலீஸ் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. ஒன்றில் விட்டது இன்னொன்றில் சிக்கும். ஸ்வீடனில் போலீஸும் மருத்துவமனைகளும் ஒரே தகவல் தொகுப்பில் பதிகின்றன. அங்கேயும் கணக்கில் ஒரு கழிவு உண்டு: 2010 முதல், வேண்டுமென்றே வண்டியை மோதிச் செய்துகொண்ட தற்கொலைகளைச் சாலைச் சாவில் சேர்ப்பதில்லை. நியாயமான கழிவுதான், ஆனால் கழிக்காத நாட்டோடு ஒப்பிடும்போது ஞாபகம் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2020-இல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மற்ற முக்கால் பங்குக்கும் மேலான சாவுகளில் காரணம் என்பது வீட்டார் சொன்னது. எனவே போலீஸ் எண்ணை ஒத்துப்பார்க்க இன்னொரு கணக்கே நம்மிடம் இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குத் தன் பங்குக்கு ஒரு மதிப்பீடு போடுகிறது. 2016-க்கு நாம் கொடுத்த எண் 1,50,785; அவர்கள் மதிப்பிட்டது சுமார் 2,99,000. 2021-க்கு நாம் சொன்னது 1,53,972. அவர்கள் மதிப்பீடு சுமார் 2,16,000. இந்த இரண்டு மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்து 'ஐந்து வருஷத்தில் எண்பதாயிரம் உயிர் காப்பாற்றிவிட்டோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருமானம், வண்டி எண்ணிக்கை, மருத்துவ வசதி போன்றவற்றை வைத்துச் சூத்திரத்தால் வரும் மதிப்பீடு அது. சூத்திரமும் உள்ளே போடும் விவரமும் மாறினால் விடையும் மாறும். நாம் அனுப்பிய எண்ணில் அப்படி ஒரு சரிவே இல்லை.

சீனாவில் இடைவெளி இன்னும் மோசம். 2016-க்கு அரசு சொன்னது 58 ஆயிரம், மதிப்பீடு இரண்டரை லட்சத்துக்கு மேல். பட்டியலில் எதைப் போடுகிறீர்களோ அதைப் பொறுத்துச் சீனா பிரிட்டனுக்குப் பக்கத்திலும் நிற்கும், இந்திய அரசு சொல்லும் எண்ணைவிட மோசமாகவும் நிற்கும்.

தமிழ்நாடு பெற்ற பாராட்டு

இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலான பகுதி. 2016-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,218. அதற்குப் பிறகு எண் மளமளவென்று இறங்கியது. 2018-இல் 12,216. 2019-இல் 10,525. 2020-இல் 8 ஆயிரத்துச் சொச்சம். அது ஊரடங்கு ஆண்டு என்பதைத் தள்ளிவிட்டாலும் இறக்கம் பெரிது. மற்ற மாநிலங்கள் தமிழ்நாட்டைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று டெல்லியிலிருந்தே பாராட்டு வந்தது. நானும் மகிழ்ந்தவன்தான். 108, அவசர சிகிச்சைப் பிரிவுகள், ஹெல்மெட் கெடுபிடி எல்லாம் வேலை செய்கின்றன என்று நினைத்தோம்.

அப்புறம் மாநிலம் தன் எண்களைத் திருத்திக் கொடுத்தது. 2018, 2019 இரண்டு ஆண்டுக்கும் திருத்திய எண் தனித்தனியே 18 ஆயிரத்தைத் தாண்டியது. 2020-க்கு 14 ஆயிரத்தைத் தாண்டியது. அகில இந்திய எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று: 2019-க்கு முதலில் அச்சான 1,51,113 பிந்தைய அறிக்கைகளில் 1,58,984 ஆனது. 2022-இல் தமிழ்நாட்டுக் கணக்கு 17,884. அதாவது 2016-இலிருந்து இறக்கமே இல்லை. இறங்கியது காகிதத்தில் மட்டும்.

338-லேயே நின்றுபோன ஒரு கேஸைக் கையில் வைத்திருப்பவனுக்கு இப்படி ஓர் இடைவெளி எப்படி வரக்கூடும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த மூன்று ஆண்டின் இடைவெளிக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்பாட்டில் செத்தவர் எந்தக் கணக்கிலிருந்தும் நழுவ மாட்டார். தள்ளிச் செத்தவர்தான் நழுவுவார். ஆஸ்பத்திரி வசதி கூடக் கூட, ஸ்பாட்டில் சாக வேண்டியவர் தள்ளிச் சாவது கூடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எண்ணுவது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. நூறு விபத்துக்கு எத்தனை சாவு என்று வகுத்துப் பாருங்கள். 2022-இல் கேரளாவில் 43,910 விபத்து, 4,317 சாவு, நூற்றுக்குப் பத்து. தமிழ்நாட்டில் 64,105 விபத்து, நூற்றுக்கு 28. பீகாரில் 10,801 விபத்து, 8,898 சாவு, நூற்றுக்கு 82! பீகாரில் வண்டி இடித்தால் ஐந்தில் நாலு பேர் செத்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆள் செத்தால் ஒழிய அங்கே விபத்தே பதிவாவதில்லை என்று பொருள். காயத்தைப் பதியாத இடத்தில், 19 நாள் கழித்து வரும் சாவைப் பதிந்திருப்பார்களா?

எதால் வகுப்பது

சரி, சாவை ஒழுங்காக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சண்டை, எதால் வகுப்பது.

ஆள் தலைக்கு என்றால் 2022-இல் தமிழ்நாட்டுக்கு லட்சத்துக்கு 23, பீகாருக்கு 7. வண்டித் தலைக்கு என்றால் கதை திரும்பிவிடும். தமிழ்நாட்டில் பதிவான வண்டி மூன்று கோடிக்கு மேல், பீகாரில் சுமார் ஒரு கோடி. பத்தாயிரம் வண்டிக்கு இங்கே 6-ஐ ஒட்டி, அங்கே 8-க்கு மேல். இதில் எது உண்மை? இரண்டும்தான். ஆள் தலைக்கு என்பது ஓர் ஊரில் விபத்து என்ற நோயால் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற சுகாதாரக் கேள்விக்குப் பதில். வண்டித் தலைக்கு என்பது ஓட்டத்தின் ஆபத்தை அளக்கப் பார்க்கிறது. ஆனால் மோசமாக அளக்கிறது. பதிவேட்டில் உள்ள வண்டிகளில் எத்தனை ஓடுகின்றன என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் கோழி அடையும் பஜாஜ் ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. ஆர்.டி.ஓ. கணக்கில் அதுவும் ஒரு வண்டிதான்.

ஓடிய கிலோமீட்டரால் வகுப்பதுதான் ஆபத்துக்குச் சரியான அளவு. 2023-இல் அமெரிக்காவில் 40,901 பேர் இறந்தார்கள், பிரிட்டனில் 1,624 பேர். ஆள் தலைக்குப் பார்த்தால் அமெரிக்கா ஐந்து மடங்கு. நூறு கோடி கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பார்த்தால் அமெரிக்காவில் சுமார் 8, பிரிட்டனில் சுமார் 3. இரண்டரை மடங்கு சொச்சம். மீதி மடங்கு அமெரிக்கர்கள் அதிகம் ஓட்டுவதால் வந்தது. அப்படிப் பிரித்துப் பார்க்க நமக்கு வழியில்லை, ஓட்டத்தை அந்த மாதிரி வருஷா வருஷம் அளப்பதில்லை.

சின்ன இடங்களுக்கு வந்தால் வகுத்தி இன்னும் வேடிக்கை காட்டும். நான்கு வழிச்சாலையில் கங்கைகொண்டான் முதல் பணகுடி வரை ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சொந்தமில்லாதவை என்று பார்த்தாலே தெரியும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிறவர் மூன்றடைப்பில் செத்தால் சாவு நம் கணக்கில். அவர் தலை மட்டும் சென்னை மக்கள்தொகையில். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தபோது முப்பது லட்சம் பேர் இருந்த மாவட்டம், 2011 கணக்குப்படி 16.65 லட்சமாகச் சுருங்கியது. போதாததற்கு மாநகரப் போலீஸ் தனி, மாவட்டப் போலீஸ் தனி. 'திருநெல்வேலியில் விபத்துச் சாவு குறைந்தது' என்று ஒரு செய்தி வந்தால் எந்தத் திருநெல்வேலி என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

எண்ணிக்கை சிறுத்தால் தற்செயலும் சேர்ந்துகொள்ளும். நார்வேயில் 2021-இல் 80 பேர், 2022-இல் 116 பேர். நாற்பத்தைந்து சதவீத ஏற்றம் என்று எழுதினால் நாடே தறிகெட்டுப் போனது போல இருக்கும். முப்பத்தாறு பேர்தான் வித்தியாசம். ஒரு பஸ் கவிழ்ந்தாலே ஒரு மாவட்டத்தின் வருஷக் கணக்கு மாறிவிடும்.

இத்தனையும் கழித்த பிறகு

இவ்வளவு ஓட்டை இருந்தால் ஒப்பிடுவதே வீண் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. சீனாவைத் தள்ளிவிட்டால், இங்கே பார்த்த ஓட்டைகள் எல்லாம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விளையாடும். நார்வேக்கும் நமக்கும் இடையே இருப்பது பத்து மடங்கு. அதுவும் நம் பக்கம்தான் விட்டுப்போனது அதிகம். மாநிலச் சராசரியை நம் 16.65 லட்சத்துக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 380 சாவு வரும். நார்வே விகிதத்தைப் போட்டால் 33. இது மாவட்டத்தின் உண்மைக் கணக்கு அல்ல, அளவு புரிவதற்காகப் போட்ட பெருக்கல்.

அவர்கள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்ற பேச்சும் எடுபடாது. 1970-இல் நார்வேயில் 560 பேர் செத்தார்கள். அப்போது அங்கே மக்கள்தொகை 39 லட்சத்தை ஒட்டி. லட்சத்துக்கு 14, உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கு இந்தியாவுக்குச் சொல்வதும் ஏறத்தாழ அதுதான். அதற்குப் பிறகு வண்டி பல மடங்கு பெருகியும் சாவு ஐந்தில் ஒன்றானது. 2005 முதல் அங்கே ஆள் செத்த ஒவ்வொரு விபத்தையும் சாலைத் துறையின் குழு ஒன்று தனியாக ஆராய்கிறது. யார் குற்றவாளி என்று பார்ப்பது போலீஸ் வேலை. இந்தக் குழு பார்ப்பது, அந்த இடம் ஏன் ஆளைக் கொல்ல விட்டது என்பதை.

நம் விவசாயி விஷயத்தில் அப்படி யாரும் பார்க்கவில்லை. என் கட்டில் இருக்கும் மாதிரி வரைபடத்தில் கார் வந்த திசைக்கு ஓர் அம்பு, எக்ஸெல்லுக்கு ஓர் அம்பு, மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நடுத்திட்டில் ஊர்க்காரர் பண்ணிய வழி அதில் இல்லை. சர்வீஸ் ரோடு பாதியில் நின்றது இல்லை. காரின் வேகம் இல்லை. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அங்கே வளைவும் நெரிசலும் வேகத்தை அமுக்கிவிடும். இடிபாடு நிறைய, சாவு லட்சத்துக்கு 12. இந்தப் பக்கம் நூல் பிடித்தது போல நாலு வழி. இடிபட்டால் பிழைப்பது கஷ்டம்.

சாகிறவர்கள் யார் என்பதும் சேர்ந்தால்தான் ஒப்பீடு முழுமை. 2022-இல் இந்தியாவில் செத்தவர்களில் 44.5 சதவீதம் டூ வீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். நெதர்லாந்தில் 2023-இல் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். அவர்களுடைய பிரச்சினைக்கு அவர்கள் எடுத்த மருந்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஊற்றினால் எக்ஸெல்லில் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. தாய்லாந்தும் மலேசியாவும் டூ வீலர் நாடுகள், சாவு விகிதமும் நம்மைப் போல உயரம். நார்வேயைப் பார்ப்பதைவிட அந்த இரண்டையும் பார்ப்பதில் நமக்குப் பாடம் அதிகம் என்பது என் கட்சி.

2021 டிசம்பரில் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது. விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. அதனால் எந்த மருத்துவமனையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற பதிவு, போலீஸுக்கு வெளியே, மாநிலத்தின் கையில் சேர்கிறது. ஸ்டேஷன்களிலும் இப்போது விபத்து விவரத்தை செயலியில்தான் ஏற்றுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவும் கணினியில்தான். மூன்றையும் பெயரும் தேதியும் வைத்துப் பொருத்தினால் நெதர்லாந்து செய்வதை இங்கேயே செய்யலாம். பொருத்தும்போது 30 நாள் வரை பின்தொடர வேண்டும். செலவு தரும் 48 மணி நேரத்தோடு அந்தப் பதிவை மூடிவிட்டால், 19-ஆம் நாள் வீட்டில் செத்தவர் திரும்பவும் கொடுங்காயத்திலேயே இருப்பார்.